அக்கா நின்ற இடத்துக்கு ஒரு சொல்

உயர்தரச் சித்திரப் பாடத்துக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் பட்டியல் தேவை என்று போன வருடம் பேச்சு வந்தது. மலையகப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கும் ஐந்து பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். உரோமக் கட்டடங்கள், ஆதிக் கிறிஸ்தவக் கலை, பைசாந்தியக் கலை ஆகிய மூன்றையும் யாரும் கேட்கவில்லை. அவை என்னிடம் வந்து சேர்ந்தன. குடும்பம் இல்லாதவர்களுக்கு நேரம் இருக்கும்தானே என்று எங்கள் ஐவரில் ஒரு சேர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பதுளைக் கடைவீதிக்குப் பின்னால், ஒரு புடவைக் கடைக்காரர் வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். காலையில் பசறை பஸ்ஸில் ஏறிப் பாடசாலைக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடுவேன். அதன் பிறகு மறுநாள் வரை யாரோடும் பேச வேண்டியிருக்காது. அம்மா இருந்தவரை சனி, ஞாயிறில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போவேன். அம்மா போனபின் லயத்து வரிசையில் எங்கள் காம்பரா அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். அவள் ஜோர்தானில் ஒரு சின்ன ஊரில், நடக்க முடியாத ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் சாவுக்கு அவளால் வர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பாள். சாப்பிட்டாயா, அங்கே மழையா, உடம்புக்கு எப்படி என்று கேட்பாள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

பட்டியலில் எனக்கு இருந்த கஷ்டம், அந்தக் கட்டடங்களில் ஒன்றையாவது நான் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான். பசிலிக்கா என்பது முதலில் உரோமர் வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் கூடிய பெரிய மண்டபம். கிறிஸ்தவர்கள் கோயில் கட்டத் தொடங்கியபோது ஆட்கள் கூடி நிற்க வசதியாக அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். இதை எழுதிவிட்டேன். நடுவில் நீளமாக ஓடுவதற்கு நடுக்கூடம் என்றும், தூண் வரிசைக்கு அப்பால் இரண்டு பக்கமும் ஒடுங்கி ஓடுவதற்குப் பக்க நடை என்றும் போட்டேன். டெசெரா என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். மொசைக் ஓவியத்துக்காகப் பதிக்கிற சிறு கல் அது. கையிலிருந்த போட்டோ பிரதியில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது.

அந்த ஞாயிறு பேச வேறொன்றும் இல்லாததால் இதை அக்காவிடம் சொன்னேன்.

“கல்லு கல்லா ஒட்டின தரையா? இங்க கோயில்ல இருக்கே” என்றாள்.

அந்த வயதான அம்மாள் கிறிஸ்தவர். ஒவ்வொரு ஞாயிறும் சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவது அக்காதான். இவ்வளவு காலத்தில் அவள் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் படங்கள் வந்தன. மான், மீன், திராட்சைக் கொடி, எல்லாம் கல்லிலே. ஒரு கல் விரல் நகத்தளவுதான் இருக்கும் என்றும், நாங்கள் லயத்து வாசலில் கட்டம் போட்டு விளையாடிய சில்லு மாதிரி, ஆனால் குட்டி என்றும் குரல் பதிவில் சொல்லியிருந்தாள். டெசெராவுக்குச் சில்லு என்றே எழுதினேன். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அவளிடம் கேட்க எனக்கு ஏதாவது இருந்தது. சதுரமான சுவர்மேல் வட்டமான குவிமாடம் எப்படி உட்காருகிறது என்று கேட்டேன். மூலைக்கு மூலை முக்கோணமாக ஒரு சுவர் உள்ளே வளைந்து மேலே போய் அதைத் தாங்குகிறது என்றாள். எந்தப் புத்தகமும் அதை எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. எங்கள் பேச்சு அரை மணி நேரம் வரை நீண்டது. வாரத்தில் மற்ற நாட்களில் நான் கேள்விகளை எழுதி வைக்கத் தொடங்கினேன்.

ஆனால் படங்கள் எல்லாம் வாசல் பக்கமிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. கோயிலின் தலைமாட்டில் இருக்கும் அரைவட்ட மாடத்தைக் கிட்டப்போய் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

“நான் உள்ள போறதில்ல” என்றாள்.

வாசல் வரைதான் அவள் தள்ளிக்கொண்டு போவாளாம். அங்கிருந்து அந்த அம்மாளின் மகன் உள்ளே கூட்டிப் போவாராம். யாராவது வர வேண்டாம் என்றார்களா என்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், தெரியாத கோயிலுக்குள் எப்படிப் போவது என்று அவளாகவே நின்றுகொண்டாளாம். வாசலுக்கும் நடுக்கூடத்துக்கும் நடுவில் குறுக்காக ஒரு ஒடுங்கிய கூடம் இருக்கிறது, பூசை முடியும்வரை அங்கேதான் நிற்பேன் என்றாள்.

அந்தக் கூடம் என் பட்டியலில் இருந்தது. நார்தெக்ஸ். ஆதிக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் அதைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்று வாசித்திருந்தேன். யோசிக்காமல் அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.



“அப்ப என்னைய மாதிரி ஆளுக்குன்னு கட்டி வச்ச எடம்தான்” என்றாள். பிறகு, “நம்ம அம்மாவத் தூக்குன அன்னைக்கும் ஞாயித்துக்கெழம. நீங்க எடுக்குற நேரம் இங்க பூச நடக்குது. நான் அங்கதான் நின்னேன்” என்றாள்.

அழுதாயா என்று கேட்டேன். ஆட்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொன்னாள்.

மற்ற ஆசிரியர்களோடு பட்டியலைச் சரிபார்க்கக் கூடியபோது, நார்தெக்ஸுக்கு நான் எழுதியிருந்த புறக்கூடம் என்ற சொல்லை அந்தச் சேர் வெட்டினார். எங்கள் கோயில்களில் உள்ள முன்மண்டபம்தானே, அதையே போடலாம் என்றார். மற்ற எல்லாத் திருத்தத்துக்கும் தலையாட்டிய நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்மண்டபத்தில் உள்ளே போகிற எல்லோரும் நிற்பார்கள். இது உள்ளே போக முடியாதவர்கள் நிற்பதற்கு என்றேன். வெட்டிய கோட்டுக்கு மேலே அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “சரி டீச்சர், இருக்கட்டும்” என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஞாயிறு வர இன்னும் நான்கு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகக் கேட்டாள். நல்லது என்றாள். அதன்பிறகுதான் அந்த வயதான அம்மாள் வியாழக்கிழமை இறந்துவிட்டதைச் சொன்னாள். அவருடைய மகள் வேறொரு நகரத்தில் இருக்கிறாளாம். தன் மூன்று சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கேட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம்.

வந்துவிடேன் என்றேன்.

“வந்து எங்க இருக்குறது? காம்பராவும் இல்ல.”

என் அறை இருக்கிறது என்றேன். ஒரு கட்டில்தானே போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். இன்னொன்று போடலாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மறுவாரம் புது வீட்டிலிருந்துதான் பேசினாள். கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஞாயிறு பின்னேரம் ஓய்வு இல்லை. நேரம் கிடைக்கும்போது எடுப்பாள், சில வாரம் எடுக்கமாட்டாள். போன மாதம் கடைவீதியில் ஒரு கட்டில் வாங்கி, இரண்டு பேரை வைத்து மாடிக்கு ஏற்றினேன். யார் வருகிறார்கள் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். அக்கா என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட்டேன்.