முதல் மடக்கு

சர்க்காரே சாராயக் கடை திறந்தால் நானும் ஒரு நாள் குடித்துப் பார்ப்பேன், போலீஸுக்குப் பயந்துதான் தொடாமல் இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். பெண்டாட்டிக்குப் பயமில்லையாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பம்பாயில் மதுவிலக்கு இருந்த அறுபதுகள் அவை. நான் தாராவியில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் போலீஸ் விசில் கேட்டது. கள்ளச்சாராயம் விற்கும் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, சரக்கு நிரப்பிய டயர் டியூபை என் படுக்கைக்கடியில் திணித்துவிட்டு ஓடினாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹவல்தார் வாசலில் நின்றார். பிள்ளையை அணைத்தபடி அசையாமல் கிடந்தேன். முதுகுக்குக் கீழே டியூப் தளும்பியது. மூலையில் நின்ற என் வீட்டுக்காரருக்குப் பல் தந்தியடித்தது. பிள்ளை பெற்ற வீடு, தீட்டு என்று ஹவல்தார் உள்ளே கால் வைக்காமல் திரும்பிவிட்டார்.

டியூபை எடுக்க வந்த அக்கா, "என்ன தம்பி, இப்படி நடுங்குதிய? ஒரு வாய் குடிங்க" என்று தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் மடக்கென்று குடித்துவிட்டார்.

"போலீஸுக்குப் பயந்துல்லா தொடமாட்டேன்னு சொன்னிய?" என்று கத்தினேன்.

"அந்தப் பயத்துலதாம்ளா குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, தம்ளரை மறுபடி அக்காவிடம் நீட்டினார்.