அந்தோணிக்குத் தெரியாத சிவப்பு

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் எந்தக் கட்டம் பளிச்சென்று தெரியணும், எது மங்கலாக நிற்கணும், எதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. என்னைப் போலப் பழைய புரோகிராமோடு மாரடிக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

எல்லாமே மின்னணும்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழித்தீவன மில். மேனேஜர் பழனிசாமிக்கு எல்லாமே முக்கியம். லாரி நம்பர் மின்னணும், எடை மின்னணும், பார்ட்டி பேரும் மின்னணும் என்றார். "வேண்டாங்க, கண்ணு வலிக்கும்" என்றேன். கேட்டால்தானே! செய்து கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே, அங்கே கம்ப்யூட்டரில் லாரிகளைப் பதிகிற அந்தோணி போன் போட்டார்.

"ஏனுங்க சார், இது தீவன மில்லுங்களா, கலியாண ஊடுங்களா?"

பூட்டிய கட்டம்

எடையை யாரும் திருத்தக் கூடாது, பூட்டிவிடுங்கள் என்றதும் பழனிசாமிதான். பூட்டினேன். ஒருநாள் அவரே திருத்த உட்கார்ந்து, கீபோர்டைக் குத்து குத்தென்று குத்தினார். அசையவில்லை.

"பூட்டச் சொன்னது மத்தவங்களுக்குத்தானுங்களே, எனக்குமா?"

சிவப்பு

மின்னுவதை எல்லாம் எடுத்துவிட்டு, மக்காச்சோளத்தில் ஈரம் கூடினால் பச்சை எழுத்துகளுக்கு நடுவே அந்த எண் மட்டும் சிவப்பாக வரும்படி வைத்தோம். ஈரச் சோளம் பூசணம் பிடிக்கும், தின்ற கோழி சாகும். எண்ணைப் பார்க்க வேண்டாம், சிவப்பு வந்தால் லாரியைத் திருப்பு. இது பழனிசாமி உத்தரவு.

அந்தோணி ஒரு லாரியையும் திருப்பவில்லை. லாரிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான், திருட்டுப் பயல் என்று மில் முழுக்கப் பேச்சு. வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பழனிசாமி சொன்னார். அந்தோணி அப்படிப்பட்ட ஆளே இல்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு லாரி வந்தது. எண் ரத்தச் சிவப்பு. அவர் விரல் பாட்டுக்கு 'சரி' பட்டனுக்குப் போனது. கையைப் பிடித்து, "இவ்வளவு சிவப்பா இருக்கே, தெரியலீங்களா?" என்றேன். குனிந்து குனிந்து பார்த்தார்.

"எங்கீங்க சார் செவப்பு? எல்லா எழுத்தும் ஒரே மாதிரித்தானுங்க இருக்குது."

வெள்ளைக் கட்டம்

"அவன் நடிக்கிறானுங்க" என்றார் பழனிசாமி. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, பிறவியிலிருந்தே அப்படித்தான் என்றார் டாக்டர். அந்தோணிக்கே அன்றைக்குத்தான் தெரியும், பாவம்.

நிறத்தைத் தூக்கிப்போட்டேன். ஈரம் கூடினால் கட்டம் முழுக்க வெள்ளையாகி, எண் அதற்குள் கறுப்பாகத் தெரியும்படி மாற்றினேன். அன்று மதியமே ஒரு லாரியைத் திருப்பினார். வேலை தப்பியது. "இனிப் பிரச்சினை இல்லீங்களே?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மெஷின்ல மாத்தீட்டீங்க சார். என்னையத் திருடன்னு சொன்னாங்களே, அதை எங்கீங்க மாத்தறது?"

திரையில் ஒரு சொல்லை மறைக்க எனக்கு அரை நிமிஷம் போதும். மேனேஜர் வாயிலிருந்து ஒரு மன்னிப்பை வரவழைக்கத்தான் இன்றுவரை வழி தெரியவில்லை.