நாலாவது பந்தலில் காய்த்தது

1941-ஆம் வருடம், ஐப்பசி மாதம். தருமபுரி அப்போது தனி ஜில்லா இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெயர்தான் பெரிது. பரம்பரையாக நிலக்கடலை போடுகிறவர்களிடம் போய், நிலக்கடலையை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. அவர்களும் பெரிய மனது பண்ணி, தெரியாததைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்கள்.

ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, பொம்மிடிப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரப் பாதிரியார் இருக்கிறார், அவருக்கு இங்கே உள்ள திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்றார். எனக்குத் திராட்சையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது புளிக்கும், சில சமயம் இனிக்கும் என்பதுதான். அதை அவரிடமே சொன்னேன். “அவருக்குத் தெரியும்யா. உனக்கு வழி தெரிஞ்சா போதும்” என்றார். வழியும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அதைச் சொல்லவில்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியபோது பாதிரியார் குதிரை வண்டியோடு வந்து காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தாடி பாதி சிவப்பு, பாதி வெள்ளை. தொளதொள வெள்ளை அங்கி, தலையில் தொப்பி. வண்டிக்குள் அவர் ஏறினால் முழங்கால் தாடியை இடிக்கும். தமிழ் நன்றாகவே பேசினார். ஆனால் கோயிலில் பிரசங்கம் செய்கிற தமிழ். “தாங்கள் காலை போஜனம் அருந்தினீரா?” என்று கேட்டார். வண்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் கோயில் பூசைக்குத் திராட்சை ரசம், அதாவது புளிக்கவைத்த திராட்சை மது வேண்டும். வேறு எதையும் வைத்துப் பூசை செய்யக் கூடாது. அது இவருடைய நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரில் ஜெர்மன்காரன் இவர் நாட்டைப் பிடித்துக்கொண்டான், கப்பல் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து கடிதமும் நின்றுவிட்டது. கையிருப்பில் சில புட்டிகள்தான் மிச்சம். அதையும் சொட்டுச் சொட்டாக விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். இனி இங்கேயே திராட்சை வாங்கித் தானே ரசம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தார். அவருக்கு அது புதிதில்லை. அப்பா, தாத்தா, அண்ணன்மார் எல்லோருக்கும் அதுதான் தொழில். “திராட்சை மிதிக்கச் சோம்பல்பட்டுத்தான் நான் குருவானவன் ஆனேன். கடவுள் என்னை விடவில்லை, பாரும்” என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

எங்கள் ஜில்லாவிலோ அப்போது மதுவிலக்கு. கள்ளுக்கடை எல்லாம் மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. பூசைக்கு மட்டும் விலக்கு உண்டு.

முதலில் தருமபுரிக்குக் கிழக்கே ஒரு பெரிய மனிதர் தோட்டத்துக்குப் போனோம். பச்சைத் திராட்சை. பாதிரியார் ஒரு பழத்தை வாயில் போட்டுச் சதையை விழுங்கினார், தோலை மென்றார், கொட்டையைக் கடித்து உள்ளங்கையில் துப்பி அதன் நிறத்தைப் பார்த்தார். கொட்டை பழுப்பாக இருந்தால்தான் முழுதாகப் பழுத்த பழமாம். இது பச்சையாக இருந்தது. பெரிய மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகப் பாதிரியார் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். மலைச்சரிவு முழுக்கத் திராட்சையாம், வீட்டுக்கு அடியில் குகைபோல அறைகளாம், மரப் பீப்பாய்களாம், சாப்பாட்டுக்குத் தண்ணீருக்குப் பதில் திராட்சை ரசத்தைத்தான் குடிப்பார்களாம்.

“தினமுங்களா?” என்றார் பெரிய மனிதர்.

“தினமும்.”

“பொம்பளைங்களுமா?”

“ஆம். பாட்டிமார்களும்.”

பெரிய மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஊரு கலெக்டரு ஒண்ணும் கேக்கறதில்லீங்களா?” என்றார். நான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

அடுத்து அரூர் போகிற வழியில் ஒரு தோட்டம். அங்கே கிளி எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. கடைசியாகப் போனதுதான் வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த தோட்டம்.

கல்தூண் நட்டு, மேலே மூங்கில் பரப்பிய நாலு பந்தல். கறுப்புத் திராட்சை. வெயில் உள்ளே இறங்காத அளவுக்கு இலை மண்டிக் கிடந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது முப்பது வயதுக்குட்பட்ட ஒரு பெண். அவருடைய கணவர் பெங்களூரில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தபோது குச்சிகள் கொண்டுவந்து நட்டவராம். பிறகு பட்டாளத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்து மலாயாவுக்குப் போய்விட்டார். மாதம் ஒரு கடிதம் வரும். கணவரின் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் இந்தத் தோட்டம் பிடிக்கவில்லை. கேழ்வரகு விளைகிற மண்ணில் குருவிக்குத் தீனி போடுகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். வருஷத்துக்குச் சில கூடை காய்த்துச் சந்தைக்குப் போவதால் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். காய்ப்பு நின்றால் பந்தலைப் பிரித்து உழுதுவிடுவது என்று பேச்சு. “அவரு வர வரைக்கும் இத காப்பாத்தி வெச்சுட்டன்னா போதுங்க” என்றார் அந்த அம்மாள். வேறு எதையும் பற்றி அவர் பேசியதாக நினைவில்லை.

மிச்சம் தொங்கிய ஒரு கொத்தைப் பாதிரியார் சாப்பிட்டுப் பார்த்தார். கொட்டையைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அழப் போகிறாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகிவிட்டது. பிறகு பரபரவென்று பேச ஆரம்பித்தார். பழம் அருமையாம். ஆனால் கொடியை அவரைக்கொடி மாதிரி விட்டுவிட்டார்களாம். வெட்டிவிட்டால் கூடைகூடையாகக் காய்க்குமாம். அங்கிப் பையில் கத்தரியே வைத்திருந்தார்.

அந்த அம்மாள் வேண்டாம் என்றார். பச்சைக் கொடியை வெட்டுவது அந்தப் பக்கத்தில் ஆகாத காரியம். அதுவும் நட்டவர் ஊரில் இல்லாதபோது வெட்டக் கூடாது. பாதிரியார் விடவில்லை. தன் அப்பா எப்படி வெட்டுவார், தாத்தா எப்படி வெட்டுவார் என்று விளக்கினார். நான் இலாகா ஆள் அல்லவா? கவாத்து பண்ணினால் காய்ப்பு கூடும் என்று பொதுவாக ஒரு வாக்கியம் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். வெள்ளைக்காரர், சாமியார், பக்கத்தில் சர்க்கார் ஆள். எத்தனை நேரம்தான் ஒரு பெண் மறுத்துக்கொண்டிருக்க முடியும்?

வெட்டினார். அடிக்கிளையில் இரண்டே கணு விட்டு மிச்சமெல்லாம் நறுக்நறுக்கென்று தள்ளினார். மூன்று பந்தல் முடிவதற்குள் தோட்டத்துக்கு மொட்டை அடித்த மாதிரி ஆகிவிட்டது. நாலாவது பந்தலுக்கு அடியில் அந்த அம்மாள் போய் நின்றுகொண்டார்.

“இத வுட்டுருங்க சாமி. இதுதான் அவரு மொதல்ல வெச்ச கொடி.”

“தாயே, வெட்டினால்தானே காய்க்கும்?” என்று பாதிரியார் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கணு. அந்த அம்மாள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தொட்டுக் காட்டினார். ஒரு முழம். பாதிரியார் மூன்று விரல் காட்டினார். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, முழத்திலிருந்து கொஞ்சம் குறைத்தார். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல இரண்டு பேரும் கையைக் காட்டிக் காட்டிப் பேசி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே என்று முடிந்தது. பாதிரியாருக்குத் திருப்தியே இல்லை. வண்டியில் வரும் வழியெல்லாம், “அந்தப் பந்தல் பாழ், அந்தப் பந்தல் பாழ்” என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் என் நிலக்கடலைக்குத் திரும்பிவிட்டேன். கார்த்திகையில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். மாசியில் சிங்கப்பூர் விழுந்தது என்று பத்திரிகையில் படித்தேன். அந்தச் சமயத்தில்தான் பாதிரியார் ஆள் அனுப்பினார், உடனே வரவேண்டும் என்று.

போனோம். வத்தல்மலைத் தோட்டத்தில், மொட்டை அடித்த மூன்று பந்தலிலும் இலை செழிப்பாக வந்திருந்தது. ஒரு கொத்துகூட இல்லை. நாலாவது பந்தலில் கறுப்புக் கறுப்பாகக் கொத்துகள் தொங்கின. பாதிரியார் அதற்கும் இதற்குமாக நாலு தடவை நடந்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, தன் பாஷையில் என்னவோ சொன்னார். குளிர் நாட்டில் அடிக் கணுவிலேயே காய்க்கும், நம் வெயிலுக்கு மேல் கணுவில்தான் காய்க்கும் என்பதெல்லாம் பல வருஷம் கழித்து நான் புத்தகத்தில் படித்தது. அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த அம்மாளுக்கும் தெரியாது.

அண்ணன்மார் ஏர் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊர்க்காரர்களும் கொஞ்சம் பேர் நின்றார்கள். காய்ப்புப் போனது மட்டுமில்லை விவகாரம். மூன்று மாதமாக மலாயாவிலிருந்து கடிதம் இல்லை. நட்டவன் இல்லாதபோது பச்சைக் கொடியை வெட்டக் கொடுத்தாள், அவன் சேதி நின்றுபோயிற்று என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அந்த அம்மாள் ஒரு கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. ரொம்பப் பாவமாக இருந்தது.

பாதிரியாரைக் கண்டதும் பெரிய அண்ணன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான், மரியாதை தெரிந்தவர்.

“சாமி மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. இவ கை ராசி அப்பிடி. புருசன் வெச்ச கொடிய வெட்ட இவ வுட்டிருக்கப் படாது.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெரிய மனது பண்ணி அவர்களே நமக்கு வழி விட்டுவிட்டார்கள், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன். பாதிரியாரின் அங்கியைக்கூட லேசாகத் தொட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நேராகப் போய் அந்த ஏருக்கு முன்னால் நின்று கையைக் கூப்பினார். 1942-ல் ஒரு வெள்ளைக்காரர் ஊர்நடுவே கைகூப்பி நின்றால் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இரண்டு மூன்று பேர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்கள்.

“ஐயா, இந்தத் தாய் வெட்டாதீர் என்றாள். நான் கேட்கவில்லை. கத்தரி என்னுடையது, கை என்னுடையது, குற்றம் என்னுடையது. அவள் பேச்சைக் கேளாத பந்தல்களில் காய் இல்லை. அவள் பேச்சைக் கேட்ட பந்தலில் காய் இருக்கிறது. போய்ப் பாரும்.”

அதோடு நிறுத்திக்கொண்டார். நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். எங்கள் நாட்டில் இப்படித்தான் என்றோ, நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றோ ஏதாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கையைக் கூப்பியபடியே நின்றார்.

பெரிய அண்ணன் நாலாவது பந்தலுக்குள் குனிந்து போனார். இலையை விலக்கி ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். திரும்பி மற்ற மூன்றையும் பார்த்தார். வெளியே வந்து ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார்.

“கைய எறக்குங்க சாமி, எங்களுக்குப் பாவம்” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, “மாட்ட அவுருடா” என்றார். போகிறபோது அந்தப் பெண்ணிடம், முகத்தைப் பார்க்காமல், “தண்ணி கட்டும்மா, கொடி வாடுது பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார். தூணில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பாதிரியாருக்கு ஒரு கூடை பழம் பறித்து வண்டியில் வைத்தார். “அடுத்த தபா வரும்போது கத்தரிய வூட்லயே வெச்சுட்டு வாங்க சாமி” என்றார். பாதிரியார் அதற்கும் கைகூப்பினார்.

அந்தப் பழத்தில் அவர் செய்த ரசத்தை எனக்கு ஒரு கரண்டி கொடுத்தார். மதுவிலக்கு அதிகாரிகள் மன்னிக்கவேண்டும். தேன்மாதிரி இருக்கும் என்று நினைத்து வாயில் விட்டேன். நாளான புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்காகவா கடல்தாண்டிக் கப்பல் விட்டார்கள் என்று தோன்றியது. அவர் மட்டும் அந்தக் கரண்டியை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார்.

மறுவருஷம் நாலு பந்தலும் காய்த்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னைத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போர் முடிந்து அந்தக் கணவர் திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

முப்பது வருஷத்துக்குமேல் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வுபெற்றுவிட்டேன். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லியும் இருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த மூச்சில் ஒரு “ஆனால்” வந்து விழுந்துவிடுகிறது; அதை விழுங்கிவிட்டுக் கைகூப்பி நிற்க எனக்கு இன்றுவரை வரவில்லை.