முந்தானையால் மூடிய கண்

மருமகள் அந்த அட்டையை முன்விறாந்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய நாள் இன்னும் அப்படியே நினைவில் நிற்கிறது. வெள்ளை அட்டையில் மூன்று கால் வைத்த ஒரே எழுத்து, மேலே கையளவாகவும் கீழே போகப்போகக் கடுகளவாகவும் வரிசை வரிசையாக இருந்தது. ஒன்றுக்குக் கால் மேலே பார்க்கும், ஒன்றுக்குக் கீழே, ஒன்றுக்கு வலம், ஒன்றுக்கு இடம். "எழுத்துத் தெரியாதவங்களுக்கு இதுதான் மாமி. கால் எந்தப் பக்கம் நிக்கிதெண்டு மூணு விரலக் காட்டுங்க, போதும்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெயரெழுதவும் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் எனக்குத் தெரியும். குர்ஆன் ஓதப்பள்ளியில் பிறர் ஓதுவதைக் கேட்டே சூறா சூறாவாக மனப்பாடம் செய்தவள் நான்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். தாய் மகளோடு இருப்பாள். எனக்கு மகள் இல்லை. என் வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. பின்னர் மகன் கலியாணம் முடித்தபோது, அவனுக்குப் பின்னால் அவன் மனைவியின் வீட்டுக்கு நானும் வந்து சேர்ந்தேன். அவன் வேலைக்குக் கட்டாருக்குப் போனபின் அவளும் நானும்தான். அவள் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் இன்னொருத்தியின் சீதன வீட்டில் சாப்பிடுகிறோம் என்பது தொண்டையில் முள்ளாக நிற்கும். அதனால் சமையலை, குசினியை முழுதாக என் கையில் எடுத்துக்கொண்டேன். இடக்கண்ணில் பூ விழுந்து, பார்க்கிறதெல்லாம் பால் ஊற்றியதுபோல மங்கியபோது ஒருவருக்கும் சொல்லவில்லை. கண் தெரியாத கிழவி என்று தெரிந்தால் குசினி போகும், என் மரியாதையும் போகும் என்று நினைத்தேன்.

அவள் ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக இருந்தாள். சான்றிதழ் இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் முறை செய்முறைப் பரீட்சையில் கை நடுங்கித் தவறிவிட்டாள். இது இரண்டாவது முறை. இதிலும் தவறினால் வேலை இல்லை. அதனால் தினமும் வேலைக்குப் போகுமுன் என்னைக் கதிரையில் இருத்திச் சோதித்துப் பழகுவாள். வலக்கண்ணைச் சோதிக்கும்போது வில்லங்கம் இல்லை. இடக்கண்ணைச் சோதிக்க வலக்கண்ணை மூட வேண்டும். அதற்குக் கரண்டி போல ஒரு கறுப்பு மூடி உண்டு. அவள் அதை நீட்டுமுன் நான் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். மெல்லிய வொயில் சேலை. நுளம்பு வலைக்குள்ளால் பார்ப்பதுபோல நல்ல கண்ணுக்கு எல்லாம் தெரியும். மூன்று விரலைச் சரியாகத் திருப்புவேன். "மாஷா அல்லாஹ், ரெண்டு கண்ணும் கல்லுப் போல இரிக்கி" என்று கொப்பியில் எழுதிக்கொள்வாள். நாலு நாளில் அட்டை முழுவதும் எனக்கு மனப்பாடமாகியும் விட்டது.

ஒரு காலையில் அவள் சத்தம் போட்டுப் பாடம் வாசித்தாள். 'கண்ணைத் துணியால் மூட விடக்கூடாது, துணியினூடே பார்க்க முடியும்.' சட்டென்று நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த வரிக்குப் போய்விட்டாள். மறுநாளும் நான் முந்தானையால்தான் மூடினேன். அவள் வழமைபோலக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மாமியின் முகத்துக்குக் கை நீட்டி, சேலையை எடு என்று சொல்லும் பழக்கம் எங்களுக்குள் இல்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். அவள் என்னைத்தான் கூட்டிப்போனாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுதினதுக்குப் பிறகு டொக்டரும் சோதிப்பாங்க மாமி. ரெண்டும் ஒத்து வரணும்" என்றாள். நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன்.

அங்கே அதே அட்டைதான். பெண் டொக்டர் ஒருவர் தாளோடு பக்கத்தில் நின்றார். வலக்கண் முடிந்தது. இடக்கண்ணுக்கு என் கை தானாக முந்தானைக்குப் போனது. மருமகள் கறுப்பு மூடியோடு கிட்ட வந்தாள்.

"மாமி, சேலைய எடுங்க."

அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கையாலேயே முந்தானையை விலக்கி, கறுப்பு மூடியை வலக்கண்ணில் வைத்தாள். அட்டை வெறும் வெள்ளையாகிவிட்டது. ஆனால் எல்லா வரியும் என் தலைக்குள் இருந்தது. மேல், வலம், கீழ், வலம் என்று ஓதிவிட்டு மானத்தோடு எழும்பலாம். அவள் நான் சொல்வதை எழுதுவாள், டொக்டர் கண்ணுக்குள் பார்த்து வேறொன்றை எழுதுவார். மூன்று விரலையும் மடக்கி மடியில் வைத்தேன்.

"ஒண்டும் தெரியல்ல புள்ள."

அவள் கை நடுங்கவில்லை. கதிரையை அட்டைக்குக் கிட்ட இழுத்தாள், அதிலும் தெரியவில்லை. கடைசியில் முகத்துக்கு முன் விரல் காட்டி எண்ணச் சொன்னாள், எண்ணினேன். டொக்டர் கேட்டார், "இவங்க உங்கட ஆக்களா? வீட்டில ஒரு நாளும் சோதிச்சுப் பார்க்கல்லயா?"

"ஓம் டொக்டர், என்ட மாமி. நாளாந்தம் நான்தான் சோதிச்ச. பிழையாச் சோதிச்ச" என்றாள். டொக்டர் எதையோ எழுதினார்.  அந்த ஒரு வார்த்தையால் அவளுக்கு எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது நான்தான் முதலில் கதைத்தேன். "இனி உன்ட வீட்டுல ஒரு குருடிக்கும் சோறு போடணும்."

"குருடி ஆக்கின சோத்தத்தானே இவ்வளவு நாளும் நான் திண்ட" என்றாள். "கல்லக் கடிச்சுக் கடிச்சு என்ட பல்லுத்தான் போச்சி மாமி."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். கண் மங்கியவள் நான். அது தெரிந்தும் என்னிடமே மறைத்துக்கொண்டு சோற்றுக் கல்லை விழுங்கியவள் அவள்.

அவள் எழுதியதும் டொக்டர் எழுதியதும் ஒத்து வந்தன, அவள் தேறிவிட்டாள். இப்போது ஊரில் அவளைக் கண்டால் மிஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். குசினி இன்னும் என் கையில்தான். அரிசியில் கல் பார்ப்பது மட்டும் அவள். நாளைக்கு என் இடக்கண்ணில் ஒப்பரேஷன். இன்று ஒப்பரேஷன் படிவத்தோடு என் முன்னால் வந்து இருந்து, பயமா என்று கேட்டாள். எனக்கென்ன பயம் என்றேன். அவள் எழுதினாள். சொன்னதைவிடக் குறைவாக எழுதியதுபோல் இருந்தது.

"என்ன எழுதின?"

"பயம் எண்டு" என்றாள்.