எண்ணெய் போட்ட ஆமை

உல்லாசப் பயணம் போன ஒரு தம்பதி, கரையில் படுத்திருந்த கடல்நாயைத் தொட்டுப் படம் எடுத்ததற்காக அந்நிய நாட்டுச் சிறைக்குப் போகப் போகிறார்கள் என்று அண்மையில் பத்திரிகையில் படித்தேன். தங்களுக்குச் சட்டம் தெரியாது என்றார்களாம். சட்டம் தெரியாது என்பது எந்த நாட்டிலும் எதிர்வாதம் ஆகாது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதை என்னால் மூன்று மொழிகளில் சொல்ல முடியும். பத்திரிகையை மடித்து வைத்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த ஒல்லாந்துப் பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

அது யுத்த காலம். நான் ஓய்வுபெற்று அக்காவோடு இருந்தேன். அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் வீடு. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தவளுக்கு மேல்மாடி அறையைக் கொடுத்தோம். தமிழ் வீட்டில் யார் படுத்தாலும் எழுந்தாலும் பொலிஸில் பதிய வேண்டிய நாட்கள் அவை. வெள்ளைக்காரியைப் பதிய நான் போனபோது, பதிகிறவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

அவள் தமிழை அக்காவின் குசினியில், சமையலுக்கு நடுவே படித்தாள். வேறு ஆசிரியர் இல்லை. அதனால் அக்கா எதை எப்படிச் சொல்வாளோ அதுவே அவளுக்குத் தமிழ். அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டாள், ஆகவே என் மகள் வயதுள்ள அவளும் என்னைத் தம்பி என்றாள்.

"தம்பி, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று மாடிப்படியில் நின்று கேட்பாள்.

நான் திருத்தப் போனேன். "விடடா, ஆசையாக் கூப்பிடுறாள். உனக்கு இனி ஆர் தம்பி எண்டு சொல்லப்போகினம்?" என்றாள் அக்கா. அத்தோடு அந்த மேன்முறையீடு தள்ளுபடியானது.

விடியற்காலையில் ரயில் பாதையோரம் நடப்பது அவளுடைய பழக்கம். பாதைக்கும் கடலுக்கும் நடுவே அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் குவித்திருப்பார்கள். ஒருநாள் அங்கே ஒரு பெரிய கடலாமை கற்களுக்கிடையில் அகப்பட்டு, துடுப்புக் கால்களை அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. இவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தள்ளி, இழுத்து, ஒருவாறு அதை அலையில் விட்டுவிட்டாள். ஈரத்தோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோது காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்தான். வழக்கமாக நிற்பவர்களுக்கு இவளைத் தெரியும். அன்றைக்கு நின்றவன் புதியவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடலாமையைத் தொடக் கூடாது என்பதுதான். அது சரியும்கூட. அவளைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டான்.

எங்கள் வனவிலங்குச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்டது. கடலாமையைக் கொன்றால் மட்டுமல்ல, பிடித்தாலும் வைத்திருந்தாலும் தொந்தரவு செய்தாலும் குற்றம். சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டவர் என்றால் அதற்குப் பிறகும் இருக்கிறது. குற்றத்தீர்ப்பு ஒன்று பதிவானால் குடிவரவுத் திணைக்களம் விசாவை ரத்துச் செய்யும், விமானத்தில் ஏற்றிவிடும், பிறகு இந்தப் பக்கம் வர முடியாது. தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு "அ" என்ற ஒலியைத் தொண்டையில் கை வைத்துக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், "ஆ"வுக்கு வருமுன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

இதொன்றும் அறியாமல் நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு அவளைப் பார்த்திருந்தபோது ஒரு சார்ஜன்டும் சில பொலிஸ்காரரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"நோனா, கெஸ்பேவோ கோ?" என்றார் சார்ஜன்ட். அம்மா, கடலாமைகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார். அக்காவின் சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசுமளவுக்கு உள்ளது. அவன் ஆமை விற்பதில்லை.

"தம்பி, இவைக்கு என்ன வேணுமாம்?"

"ஆமை."

"ஆமையோ? கேற்றில போட்டிருக்கிறதையோ? அது இல்லாட்டி நான் கேற்றை என்னத்தாலயடா பூட்டுறது?"

"அது இல்லையக்கா. சீவனுள்ள ஆமை."

"இஞ்ச சீவனோட நானும் நீயும்தான் இருக்கிறம். தேடிப் பாக்கச் சொல்லு."

யாழ்ப்பாணத்தார் தொங்கு பூட்டை ஆமைப்பூட்டு என்பார்கள். குவிந்த முதுகும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கழுத்தும் இருப்பதால் வந்த பெயராக இருக்கலாம். அக்கா சொற்களிலும் சிக்கனக்காரி. பூட்டை வெட்டிவிட்டு ஆமை என்று மட்டும் சொல்வாள். எங்கள் வீட்டில் இரவு படுக்கும்முன் கேட்கப்படும் கடைசிக் கேள்வி "ஆமை போட்டாச்சோ?" என்பதுதான்.

பொலிஸார் குளியலறைத் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். அரிசி வாளியைத் திறந்தார்கள். அரிசிக்குள் ஆமை மூச்சுவிடாது என்று நான் சொல்லவில்லை, சோதனைக்கு இடையூறு செய்வது தனிக் குற்றம். கடைசியில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் போத்தலைச் சார்ஜன்ட் எடுத்தார், முகர்ந்து பார்த்தார், திருப்தியோடு ஒரு பையில் போட்டார். மெஷின் எண்ணெயை ஏன் கொண்டுபோகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் விளங்கியது. சுவரோரத்து மர வாங்கில் பாவாடையில் மண் காய இருந்தவள் என்னைக் கண்டதும் எழும்பினாள். "தம்பி! இஞ்ச ஒராள் தமிழ் கதைக்கிறார்!" என்றாள், அதுவே அன்றைய நற்செய்தி என்பதுபோல.

பொறுப்பதிகாரி இல்லாத நேரம். இவளுடைய ஆங்கிலம் சார்ஜன்டுக்குப் பிடிபடவில்லை. கண்டிப் பக்கத்து முஸ்லிம் பொடியன் ஒருவன், கான்ஸ்டபிள், தமிழில் கேட்டு வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதியிருந்தான். அந்தக் கட்டத்தில் வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் வாசித்தால் கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மரியாதையான பிள்ளை, வாசித்தான். கேள்வியும் பதிலும் எப்படிப் போனதென்று தமிழிலேயே நடித்தும் காட்டினான்.

"வேற ஆமை வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன் சேர். இவங்க, 'ஓம், ரெண்டு இருக்கு. ஒண்டு என்ர அறையில, மற்றது அக்காட்ட' ன்னாங்க. எங்க எடுத்தீங்கன்னு கேட்டேன். 'காலி வீதியில கடையில வாங்கினது' ன்னாங்க. நானும் யோசிச்சேன், காலி வீதியில எந்தக் கடைடா ஆமை விக்கிறான்னு."

"பிறகு?"

"திங்கவான்னு கேட்டேன். சிரிக்கிறாங்க சேர். 'இல்லை, எண்ணெய் மட்டும்தான். அக்கா மாசத்துக்கு ஒருக்காப் போடுறவ' ன்னாங்க. ஆமை எண்ணெய்க்கு எவ்வளவு பெரிய கேஸ்னு ஒங்களுக்குத் தெரியும் தானே."

கடற்காற்றில் எந்தப் பூட்டும் வெள்ளவத்தையில் துருப்பிடிக்கும். அக்கா மாதம் ஒருமுறை கோழி இறகால் தொட்டு மெஷின் எண்ணெய் விடுவாள். ஒல்லாந்துப் பிள்ளைக்குக் கடலாமையின் தமிழ்ப் பெயர் தெரியாது. அக்காவின் குசினியில் அதற்குத் தேவை வரவில்லை. பொலிஸ் அவளுடைய அறைப் பூட்டைப் பற்றி விசாரிக்கிறது என்று நினைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் விசாரித்த காலம், அவளுக்கு அதில் புதுமை தெரியவில்லை.

"மகன், எங்கட பக்கம் ஆமையெண்டாப் பூட்டு" என்றேன்.

"பூட்டா? அல்லாவே! அப்ப ஆமைக்கு என்ன சொல்ற?"

"ஆமை."

"எப்புடி சேர் வெளங்கும்?"

"இவ்வளவு காலமும் விளங்கினதுதான்."

"சிரிக்காதீங்க சேர். நான் எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டேன். இனி அழிக்க ஏலாது."

உண்மை. கையெழுத்திட்ட வாக்குமூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் சான்றாகாது என்பதும் உண்மை. ஆனால் ஒருத்தியை வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கச் சொல்லிக் கேட்க அது தாராளமாகப் போதும். கடவுச்சீட்டைப் பொலிஸ் எடுத்துவிட்டது. அன்றிரவு அவள் அங்கேயே இருந்தாள். அக்கா கட்டிக் கொடுத்த இடியப்பத்தில் பாதியைக் கான்ஸ்டபிளுக்குக் கொடுத்தாள் என்று பிறகு அறிந்தோம்.

மறுநாள் நீதவான் நீதிமன்றம். நான் பழகிய கட்டடம், ஆனால் வாய் திறக்க முடியாத நிலை. அக்காவும் சந்தேகத்துக்குள் வந்துவிட்டதால் அவளுடைய தம்பி மொழிபெயர்க்க முடியாது. என் இடத்தில் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் நின்றார். எங்கள் சட்டத்தரணி கொழும்பிலேயே படித்து வளர்ந்த தமிழர், தமிழை வேலைக்காரரோடு மட்டும் பேசுகிறவர். பூட்டு விவகாரத்தை அவருக்கு விளக்கவே எனக்கு ஒரு முழுத் தேநீர் தேவைப்பட்டது.

சாட்சிப் பொருளாக இரண்டு பூட்டையும் அக்கா கைப்பையில் கொண்டுவந்தாள். வாசலில் சோதனை செய்த பெண் பொலிஸ், பாரமான இரும்புச் சாமான் என்று இரண்டையும் பறித்து வைத்துவிட்டாள். ஆகவே எங்கள் சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதவான் அவர்களே, குறித்த ஆமைகள் தற்போது நீதிமன்ற வாசலில் பொலிஸாரின் பொறுப்பில் உள்ளன" என்றார். சபையில் ஒரு சலசலப்பு. நீதவான் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

பூட்டுகள் கொண்டுவரப்பட்டன. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிங்களத்திலும் இந்தப் பூட்டுக்கு இப்பா, அதாவது ஆமை என்றே பெயர் உண்டு. இளம் மொழிபெயர்ப்பாளர் இலக்கண விளக்கம் ஒன்றைத் தொடங்குவதற்குள் நீதவான் கையை உயர்த்தினார். விரலில் பட்ட எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். ஆமை வைத்திருந்ததாகச் சொன்ன குற்றமும் எண்ணெய்க் குற்றமும் அத்தோடு போயின.

சிரித்து முடிந்தபிறகும் ஒன்று மிஞ்சியது. கற்களுக்கிடையில் கிடந்தது உண்மையான ஆமை. அதை இவள் தொட்டதும் உண்மை. சிப்பாய் பார்த்தான், இவளும் மறுக்கவில்லை. வனவிலங்கு அதிகாரி எழுந்து, திணைக்களத்துக்கு அறிவித்திருக்க வேண்டும் என்றார். அறிவித்திருந்தால் வாகனம் எப்போது வந்திருக்கும் என்று நீதவான் கேட்டார். அதிகாரி நேர்மையான மனிதர். "வெயில் ஏறியபிறகு" என்றார். ஆனாலும் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை என்று சேர்த்துக்கொண்டார். அதுவும் சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "தம்பி, அனுப்பிப்போடுவாங்களோ?"

"பேசாம இரு."

நீதவான் அவளிடம் ஏன் தொட்டாய் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லும்படி சட்டத்தரணி கண்ணைக் காட்டினார். அவள் தமிழில்தான் சொன்னாள்.

"பாவம். அதுக்குத் தண்ணி எட்டேல்ல."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். ஆனால் பாவம் என்பது சிங்களத்தில் பவ், அதே இரக்கம், கிட்டத்தட்ட அதே ஒலி. நீதவான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. "அனே, பவ்" என்று தனக்குள் சொன்னது முன்வரிசை வரை கேட்டது. நீதவான்மார் அப்படிச் சொல்லக் கூடாது. பதிவேட்டில் அது ஏறவில்லை.

குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் குற்றத்தீர்ப்புப் பதியாமல் எச்சரித்து விடுவிக்க ஒரு பிரிவு இருக்கிறது. என் சேவைக்காலத்தில் அதை வாசிக்கக் கேட்டது அரிது. நீதவான் அதைத் தேடவே இல்லை, மனப்பாடமாகச் சொன்னார். இனிக் கரையில் ஆமையைக் கண்டால் தொடாமல் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பான குரலில் எச்சரித்தார். அவள் "ஓம், நோனா" என்றாள். நீதவானை நோனா என்று அழைக்கக் கூடாது. அதையும் யாரும் திருத்தவில்லை.

கடவுச்சீட்டை அவள் நீதிமன்ற எழுதுவினைஞரிடமிருந்து பெற்றுக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா அதைக் கையை நீட்டி வாங்கினாள், கைப்பைக்குள் வைத்தாள், சிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா, அது என்ர பாஸ்போர்ட்" என்றாள் அவள்.

"தெரியும் பிள்ளை. என்னட்ட இருக்கட்டும்."

"நான் எங்கயும் போகேல்ல. திங்கக்கிழமை வகுப்பு இருக்கு."

"இருக்கட்டும் எண்டுறன்."

திரீவீலரில் இருவருக்கும் நடுவே என்னை நெருக்கி இருத்தினார்கள். வழியில் சோதனைச் சாவடியில் சிப்பாய் குனிந்து எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு அவளிடம் கையை நீட்டினான். அக்கா கடவுச்சீட்டை எடுத்து, படம் உள்ள பக்கத்தைத் தன் கையாலேயே விரித்துப் பிடித்தாள். அவன் வாங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் அப்படியே குனிந்து படித்துவிட்டுப் போகச் சொன்னான்.

இன்னொரு நாட்டுப் பிரசையின் கடவுச்சீட்டைத் தனியார் ஒருவர் எடுத்து வைத்திருப்பது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திரீவீலர்காரனிடம் நேரே வெள்ளவத்தைக்கு விடச் சொன்னேன்.