வராத படத்தின் பாட்டு

அப்போது சங்கரன்கோவிலில் கேசட் கடை வைத்திருந்தேன். ஆடித்தபசுத் திருவிழா மேடைக்கு வந்த மெல்லிசைக் குழுவில் ஒருவர் கிதாரோடு பாடினார். ஒல்லி உடம்பு, காதை மூடிய முடி. பாடும்போது குதிகாலால் மேடைப் பலகையை உதைத்துக்கொண்டே இருப்பார்.

சினிமாப் பாட்டு இல்லையென்றால் கூட்டம் எழுந்து போய்விடும். அதனால் தாமே கட்டிய பாட்டை, வரப்போகும் படத்தின் பாட்டு என்று சொல்லிப் பாடினார். மறுநாள் அந்தப் படத்தின் கேசட் கேட்டு என் கடையில் ஒரே கூட்டம்.

குழு தங்கியிருந்த லாட்ஜுக்கே போய் அவரைப் பிடித்தேன். “எந்தப் படம் வே?”

“படமே கிடையாது அண்ணாச்சி. எம் பாட்டு.”

“அதை வெளிய சொல்லாதீரும். படத்துப் பாட்டுன்னாதான் இங்கன கேப்பான்.”

“அடுத்த வருசம் சொல்லிட்டுத்தான் பாடுவேன்.”

சொன்னபடியே மறுவருடம் மேடையில் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “பொய் சொல்லாதீரும் வே. அந்தப் படத்தை நான் மதுரையில பாத்துட்டேன்.” கூட்டம் அவருக்குக் கைதட்டியது.

பாடகர் பலகையை உதைத்துப் பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் மைக்கில், “இது எம் பாட்டு” என்று சொல்லிவிட்டே அடுத்ததற்குப் போனார்.

இன்றும் ஊரில் அந்தப் பாட்டை முணுமுணுப்பவர்கள், சரணத்துக்குச் சரணம் ‘இது எம் பாட்டு’ என்று சேர்த்தே பாடுகிறார்கள். பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது என்றால் யாரும் நம்புவதில்லை.