தொப்பை இல்லாதவரின் வயிற்றெரிச்சல்

பொறாமைக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? அப்படியிருந்தும் வயிற்றெரிச்சல் என்று ஒன்றை யாரோ தனியாகச் செய்து வைத்தது இந்த மாடி வீட்டு பி.டி. டீச்சருக்காகத்தான் இருக்கவேண்டும். ஒரே சிக்கல், எரிவதற்கு வேண்டிய வயிறு அவரிடம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் தொப்பை வைத்திருப்பவர்கள் எல்லோரும் டீச்சருக்குக் குற்றவாளிகள். பையன்களை ஓடவிடுவார், பெண்களைக் குதிக்கவிடுவார். சக ஆசிரியர்களை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்தப் பார்வை போதும். கணக்கு வாத்தியார் டீச்சரைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பார், அவர் தாண்டிப் போனபிறகுதான் விடுவார். ஒருநாள் டீச்சர் நின்று பேச ஆரம்பித்துவிட, மனுஷன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். டீச்சர் மூத்த மருமகள். கீழே இருக்கும் ஓரகத்திக்கு வீட்டில் பேர் சின்னவள். ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறாள். உடைந்த கேக்கும் உருவம் கெட்ட பன்னும் விற்பனைக்கு ஆகாது, குப்பைக்குப் போடவும் மனசு வராது. எல்லாம் சின்னவள் வயிற்றில் பத்திரமாக இருந்தது.

"டயர் மட்டுமில்லடி, ஸ்டெப்னியும் சேர்த்து வெச்சிருக்கே" என்பார் டீச்சர்.

"வழியில பஞ்சர் ஆனா வேணும்லக்கா" என்பாள் சின்னவள். சிரிப்பாள். எதற்குமே கோபப்படாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது என்பது டீச்சரின் நெடுநாள் குறை.

நோய் முதலில் வந்தது டீச்சருக்கு. இடது மார்பில் கட்டி. மார்பை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் சிலிகான் பை ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். கதிர் பட்ட தோல் சிவந்தது, இறுகியது, தையல் ஓரமாகப் பிரிந்து சீழ் வைத்தது. மருந்துக்கு மசியவில்லை. கடைசியில் பையை எடுக்க வேண்டியதாயிற்று. மிஞ்சிய இடம் தட்டையாகக்கூட இல்லை. குழிந்து, தோல் கசங்கி, அவசரத்தில் பெட்டிக்குள் திணித்த துணி மாதிரி இருந்தது.

கொஞ்ச நாள் அழுதார். அப்புறம் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு செயற்கை மார்பு வாங்கியிருந்தார். சாதாரண நாளில் அது ஒழுங்காகத்தான் இருந்தது. வாலிபால் சர்வீஸ் போடக் கையைத் தூக்கினால்தான் வம்பு. பந்து வலைக்கு அந்தப் பக்கம் போகும், மார்பு கழுத்துக்கு இந்தப் பக்கம் வரும். "நோய் போச்சு, அது போதும்" என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னார். பொய் சொல்லவில்லை. அப்போது அது போதுமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் சின்னவளுக்கும் அதே நோய். ரத்த சம்பந்தமில்லாத இரண்டு மருமகள்களுக்கு ஒரே வீட்டில் எப்படி வரும் என்று தெருவே கேட்டது. அது என்ன, வீட்டு நம்பர் பார்த்துக்கொண்டா வருகிறது? டீச்சர் மாடியிலிருந்து ஓடிவந்து சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் கலப்படமில்லை. கலப்படம் பின்னால்தான் சேர்ந்தது.

சின்னவளுக்கு வாய்த்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண்மணி. பை எதுவும் வைக்கவில்லை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, மேலே கொண்டுபோய், அங்கிருக்கும் ரத்தக்குழாயில் இணைத்து, அதிலேயே மார்பு செய்துவிட்டார். வயிற்றுத் தையலில் ஒரு மூலை மட்டும் ஆறுவதற்குச் சுணங்கியது. மற்றபடி எல்லாம் பிடித்துக்கொண்டது. ஆக, வீடு திரும்பிய சின்னவளுக்கு மார்பு இருந்தது. தொப்பை இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா, அழகு நிலையத்துக்குப் போனியா?" என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். தம்ளரோடு நின்றிருந்த டீச்சர், சின்னவளுக்குக் கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டார். இத்தனை வருஷம் தண்டால் எடுத்துக் காப்பாற்றிய வயிற்றை, இவள் மயக்க ஊசி போட்டுத் தூங்கி எழுந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளே!

அன்றிலிருந்து டீச்சர் தினமும் கீழே வந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

"வலிக்குதாடி?"

"ரொம்ப வலிக்குதுக்கா."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறும்போது கால் லேசாக இருக்கும். "இன்னிக்குப் பரவாயில்லக்கா" என்று பதில் வந்த நாளில் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்காரர் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். "அவளுக்கு நல்லா அமைஞ்சுடுச்சுல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி சொன்னான்."

"அண்ணனும் தம்பியும் உக்காந்து இதைத்தான் பேசறீங்களா?"

"மேட்ச் பாத்துட்டு இருந்தோம். நடுவுல விளம்பரம் வந்துச்சு."

அடுத்த வாரமே டீச்சர் அந்த சர்ஜன் முன்னால் போய் உட்கார்ந்தார். "எனக்கும் அதே மாதிரி பண்ணுங்க."

சர்ஜன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். இடத்தை மாற்றிக் கிள்ளினார். "டீச்சர், பிடிக்கறதுக்கே ஒண்ணும் இல்லையே!" வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாக்கியம் டீச்சர் காதில் வசவாக விழுந்தது.

வேறு என்ன செய்யலாம் என்று சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். கதிர் பட்ட தோலில் மறுபடியும் வெறும் பையை வைத்தால் போன தடவை கதையே திரும்ப நடக்க வாய்ப்பு அதிகம். முதுகுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடி, அதற்கடியில் பை வைக்கலாம். ஆனால் அந்தச் சதை தோளுக்கு வேலை செய்கிற சதை, சர்வீஸில் வேகம் குறையலாம். எதுவுமே வைக்காமல், கசங்கிய தோலை நீக்கி ஒழுங்காகத் தட்டையாக்கித் தைத்துக்கொள்ளலாம். அது சின்ன ஆபரேஷன், அப்படிச் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

டீச்சர் காதில் எதுவும் ஏறவில்லை. "கொஞ்சம் வெயிட் போட்டுட்டு வந்தா?"

"சதை நாம சொல்ற இடத்துலயே போடும்னு சொல்ல முடியாதும்மா."

சொல்ல முடியாதா? எத்தனை நோஞ்சான்களை ஓட்டப்பந்தயக் குதிரைகளாக மாற்றியவர்! தன் வயிற்றுக்குத் தானே பயிற்சியாளரானார். காலை ஓட்டம் ரத்து, தண்டால் ரத்து. சாயங்காலம் ஆனால் கிரீம் பன். அதைக் கொண்டுவந்து கொடுத்தது வேறு யார், சின்னவள்தான்.

"இன்னொண்ணு சாப்பிடுங்கக்கா. எனக்கு இந்த பட்டர் கேக்தான் நல்லா வேலை செஞ்சுது."

அனுபவசாலி சொல்லும்போது கேட்டுத்தானே ஆகவேண்டும்? டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். பள்ளியில் கணக்கு வாத்தியார் மூச்சை வெளியே விட்டார்.

சில மாதம் கழித்துப் போனபோது, சர்ஜன் மறுபடியும் கிள்ளினார். வயிறு அசைந்து கொடுக்கவில்லை. கன்னத்தில் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம், மிச்சம் முழுக்கத் தொடையில். தொடையைக் கிள்ளிய சர்ஜன் முகம் மலர்ந்தது. "இங்கேருந்து எடுக்கலாம் டீச்சர். உள்தொடை. ரெண்டு பக்கமும் எடுத்தா அளவுக்குப் போதும். சர்வீசுக்கு ஒண்ணும் ஆகாது." கூடவே எச்சரிக்கையும் செய்தார். தையல் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் வரும், ஆறும்வரை உட்காருவதும் நடப்பதும் அவஸ்தை. ஓட்டத்துக்குப் பல வாரம் விடுமுறை. இணைத்த ரத்தக்குழாய் முதல் சில நாளில் அடைத்துக்கொண்டால் வைத்தது மொத்தமும் வீணாகலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டுதான் டீச்சர் வீட்டுக்கு வந்தார். மாடிக்குப் போகாமல் நேராகக் கீழ்வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன தடவை மாதிரி இதுவும் ஒட்டலைன்னா என்னடி பண்றது? இன்னொரு தடவை எடுத்துப் போட என்கிட்ட தெம்பு இல்ல."

"அப்ப பண்ணிக்காதீங்கக்கா" என்றாள் சின்னவள், பட்டென்று.

"ஏன், பண்ணினா உனக்கென்ன?"

"உள்ளதைச் சொல்லட்டுமா? நீங்க என்னைப் பாத்துப் பொறாமைப்படறது எனக்குத் தெரியும். எனக்கு அது ஜாலியா இருக்கு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்ல எல்லாத்துலயும் நீங்கதான் ஒசத்தி. இது ஒண்ணுல நான் மேலே இருந்துட்டுப் போறேனே!"

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சின்னவள் விடவில்லை. "ஆனா ஒண்ணு. தொட்டா எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. அந்த இடம் செத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வரலாம், வராமலும் போகலாங்கறாங்க. கண்ணாடியில பாத்தாத்தான் இருக்கு. அதுக்கு இவ்ளோ எரிச்சல் தேவையான்னு நீங்களே யோசிங்க."

டீச்சர் யோசித்தார். "கண்ணாடியிலயாவது இருக்குல்ல உனக்கு?" என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கிளம்பிவிட்டார்.

நாள் குறிக்கும்முன் சர்ஜன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார். "இது உங்களுக்கே வேணுமா டீச்சர், இல்ல அவங்ககிட்ட இருக்கறதால வேணுமா?"

"ரெண்டுந்தான் டாக்டர். ரெண்டுக்கும் தனித்தனி ஆபரேஷனா?"

சர்ஜன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, இரண்டு கால்களும் யாரோ கடன் கொடுத்ததுபோல் கிடக்க, டீச்சர் மல்லாந்து படுத்திருந்தார். சின்னவள் பேக்கரிக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பேனா மாதிரி ஒரு கருவியோடு வந்தார். அதைப் புது மார்பின் மேல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். ஓடினால்தான் உயிர்.

நர்ஸ் வைத்தார். வெறும் கரகரப்பு. கொஞ்சம் நகர்த்தினார். அதே கரகரப்பு. இன்னும் நகர்த்தினார். டீச்சர் கூரையைப் பார்த்தபடி கையை நீட்ட, சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் உள்ளங்கை ஈரம். நர்ஸின் பேனா ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது.

உஷ். உஷ். உஷ்.

"நல்லா ஓடுதும்மா" என்றார் நர்ஸ். டீச்சரின் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது. சின்னவளும் மூக்கை உறிஞ்சினாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டாள்.

"என்னோடது இதைவிடச் சத்தமா கேட்டுச்சுக்கா."

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டார். "சிஸ்டர், அதுல வால்யூம் கூட்டறது எங்க இருக்கு?"